சுவர்கள் அப்படியே, வாசல்கள் வேறு: ஜார்ஜ்டவுனில் ஒரு வாரம்

திங்கள்

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனில் லெபோ குவின், லெபோ கிங், லெபோ பாசார் ஆகிய தெருக்களை (மலாயில் லெபோ என்றால் தெரு) என் சித்தப்பா 1999ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் படம் எடுத்து வைத்திருந்தார். அவர் நின்ற இடங்களிலேயே நின்று அந்தப் படங்களை மறுபடியும் எடுத்து, இடைப்பட்ட காலத்தில் அந்தப் பகுதிக்கு என்ன நேர்ந்தது என்பதைப் படங்களைக் கொண்டே படித்துப் பார்ப்பதற்காக இந்த வாரம் வந்திருக்கிறேன். கோலாலம்பூரில் ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி, படகில் தீவுக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. 2023 முதல் ஓடும் புதிய படகுகளில் கார்களுக்கு இடமில்லை. மனிதர்களும் மோட்டார் சைக்கிள்களும்தான்.

சித்தப்பா புகைப்படக் கலைஞர் அல்லர். துறைமுகத்தில் வேலை பார்த்தவர். லெபோ குவினில் ஒரு கடைவீட்டின் (கீழே கடை, மேலே குடியிருப்பு) மேல்மாடியில் உள்வாடகைக்குக் குடியிருந்தவர். அவர் கேமராவைக் கையில் எடுத்ததற்கு ஒரு சட்டம்தான் காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் வந்த வாடகைக் கட்டுப்பாடு, பின்னர் 1966ஆம் ஆண்டுச் சட்டமாகத் தொடர்ந்து, 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை மிகவும் தாழ்வாகவே நிறுத்தி வைத்திருந்தது. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1999 டிசம்பர் 31 வரை குடியிருப்போருக்கு அவகாசம் கிடைத்தது. அதற்குப் பிறகு வீட்டுக்காரர் கேட்கும் வாடகையைக் கொடுக்க வேண்டும், முடியாதவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். தெரு கலையப்போகிறது என்று தெரிந்துகொண்டவர் அதைப் பதிவு செய்து வைத்தார்.

வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கையில் கிடைக்கும் சொற்ப வாடகையில் கூரை ஓடு மாற்றக்கூட வழியில்லாததால் பல கட்டடங்கள் பாழாகிக்கொண்டிருந்தன. ஆனால் கட்டுப்பாட்டைத் தளர்த்திய வேகத்துக்கு ஈடாக மாற்றுக் குடியிருப்பு எதுவும் ஏற்பாடாகவில்லை. காலி செய்யப்பட்ட வீடுகள் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தன. 2008 ஜூலை 7ஆம் நாள் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தலங்களாக அறிவிக்கப்பட்ட பின்னரே, பூட்டிக் கிடந்த அவ்வீடுகளைத் தேடிப் பணம் வந்தது. சட்டம் குடியிருப்பவர்களை வெளியேற்றியதும் மரபுரிமைப் பட்டம் சுவர்களைக் காப்பாற்றியதும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் இங்கே எடுக்கும் எந்தப் படத்தையும் சரியாகப் படிக்க முடியாது என்று நினைக்கிறேன்.

அக்காள் மகன் இங்கே பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கிறான். நாளை முதல் அவனும் கூட வருகிறான்.

செவ்வாய்

காலை ஏழரைக்கு லெபோ குவினில் மகாமாரியம்மன் கோவிலுக்கு எதிரே நின்றோம். 1833இல் எழுந்த இக்கோவிலின் வாசல் கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேராகக் கோபுரத்தில் விழுகிறது. சித்தப்பாவின் படங்களில் பாதி இந்த வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவை.

பழைய படம் எடுத்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு முறை உண்டு. படத்தில் அருகிலுள்ள பொருள் ஒன்றையும் தொலைவிலுள்ள பொருள் ஒன்றையும் தேர்ந்துகொண்டு, அவை எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்று பார்க்க வேண்டும். எங்கள் படத்தில் ஐந்தடிப் பாதையின் (கடைவீடுகளின் முன்னே கூரைக்குக் கீழ் ஓடும் நடைபாதை) ஒரு தூண், கோபுரத்தின் இரண்டாம் நிலையிலுள்ள ஒரு சிற்பத்தின் தோளைச் சரியாக மறைத்து நிற்கிறது. ஒரு சாண் இடப்பக்கம் நகர்ந்தால் சிற்பம் முழுவதும் தெரிந்துவிடும். வலப்பக்கம் நகர்ந்தால் தலையும் மறைந்துவிடும். இப்படி இரண்டு மூன்று இணைகள் ஒரே சமயத்தில் பொருந்தும் இடம் தெருவில் ஒன்றே ஒன்றுதான். அதன் பிறகு உயரம், லென்ஸ், நேரம். சித்தப்பாவின் சிறிய பிலிம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் இருந்தது, அதே கோணத்தைத் தரும் லென்ஸைக் கொண்டுவந்திருக்கிறேன். பூமத்திய ரேகைக்கு ஐந்து பாகை வடக்கே உள்ள இவ்வூரில் சூரியன் ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட நாள் தெற்கே சாய்ந்தும் மீதி நாள் வடக்கே சாய்ந்தும் போகிறது. கிழக்கு மேற்காக ஓடும் லெபோ பாசாரில் டிசம்பரில் வெயில் படும் வரிசைக்கு ஜூனில் நிழல்தான். இந்தக் காரணத்துக்காகவே டிசம்பர் மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். நிழலின் வேறுபாடு கட்டடத்தின் வேறுபாடாகக் கண்ணுக்குத் தோன்றிவிடக் கூடாது.

இந்த முறை மலைகளில் பிறந்தது. ஆல்ப்ஸ் பனியாறுகள் எவ்வளவு நகர்ந்தன என்று அறிய 1888இல் ஜெர்மானியக் கணிதவியலார் செபாஸ்டியன் பின்ஸ்டர்வால்டர் ஒரே இடங்களிலிருந்து திரும்பத் திரும்பப் படம் எடுக்கத் தொடங்கினார். பனியாற்றின் ஓரம் பின்வாங்கியிருந்தால் இரண்டு படங்களிலும் அது பளிச்சென்று தெரிந்துவிடும். நகரத் தெருவில், அதிலும் மரபுரிமைச் சட்டம் காக்கும் தெருவில், அவ்வளவு எளிதில் எதுவும் தெரிவதில்லை.

மடிக்கணினியில் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தபோது மருமகன் சொன்னது: “மாமா, ஒண்ணுமே மாறலையே. முன்ன இருந்ததைவிட இப்பதான் நல்லா இருக்கு.”

கட்டடக்கலை மாணவனாக அவன் பார்த்தது சரி. மேல்மாடியின் மரச் சட்டச் சன்னல்கள், கூரையின் வளைந்த களிமண் ஓடுகள், சன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துளைகள் எல்லாம் அதே இடத்தில் இருக்கின்றன. 1999இல் கருத்துப்போய்ச் செடி முளைத்திருந்த முகப்பு இன்று வெளிர்நீலத்தில் இருக்கிறது. பிறகு இரண்டு படங்களிலும் இடுப்பளவு உயரத்துக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன்.

1999ஆம் ஆண்டுப் படத்தில் வாசல் தூணுக்கு அருகே மின்சார மீட்டர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரே வீட்டில் பல குடித்தனங்கள் இருந்ததற்கு அது சாட்சி. கதவருகே வெவ்வேறு அளவுகளில் செருப்புகள். அவற்றில் இரண்டு குழந்தைகளுடையவை. நிலைப்படியில் காய்ந்த மாவிலைத் தோரணம். பக்கத்து வீட்டுத் தூணில் சீனக் குடும்பத்தினர் ஊதுபத்தி ஏற்றும் சிவப்பு மாடம். ஐந்தடிப் பாதையில் ஒரு துணிக்கொடி, அதில் பள்ளிச் சீருடை. இன்றைய படத்தில் ஒரே ஒரு மீட்டர், எண் பூட்டுள்ள கண்ணாடிக் கதவு, இரண்டு பூந்தொட்டிகள். மாடம் இருந்த தூணில் ஆணித் துளைகளைப் பூசி மறைத்த தடம் மட்டும் தெரிகிறது. கட்டடம் இப்போது ஒரு சிறு தங்கும் விடுதி.

இன்னொன்றையும் அவனுக்குக் காட்டினேன். வெளிர்நீல முகப்பின் அடிப்பகுதியில் பெயிண்ட் கொப்புளித்து உரிந்துகொண்டிருக்கிறது. இவ்வீடுகளின் பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமெண்ட்டும் நவீன பெயிண்ட்டும் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவரை அரிக்கிறது. பழுதுபார்ப்பு எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் படம் சொல்கிறது. ஆனால் அந்த உரிதல் தெரிய வேண்டுமானால் தெரு முழுவதையும் ஒரே படத்தில் அடக்காமல் கிட்டே போய் எடுத்திருக்க வேண்டும். ஆகவே இனி ஒவ்வொரு வாசலுக்கும் தெருப்படம் ஒன்றும் வாசல்படம் ஒன்றும் எடுப்பது என்று முடிவு செய்துகொண்டோம்.

புதன்

மழை. காலை முழுவதும் அறையில் இருந்து பழைய படங்களின் நகல்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பினாங்குக்கு மிகவும் முன்னதாகவே கேமரா வந்துவிட்டது. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1862இல் இங்கே தங்கிப் படம் எடுத்தார். அக்காலப் படங்களில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்து, ஊரில் அப்போது ஆளே இல்லை என்று எண்ணிவிடுகிறோம். தாம்சன் பயன்படுத்தியது ஈரக் கண்ணாடித் தட்டு முறை. தட்டில் மருந்தைப் பூசி, அது உலர்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டறையில் கழுவியாக வேண்டும். வெளிச்சம் விழ விநாடிக் கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். அந்த நேரத்துக்குள் நடந்து போகிறவர் தட்டில் பதியமாட்டார்; மிஞ்சினால் ஒரு மங்கிய கறையாக நிற்பார். மூட்டை தூக்கிப் போனவர், தண்ணீர் சுமந்தவர், மாட்டுவண்டிக்குப் பின்னால் ஓடியவர் என்று உழைத்துக்கொண்டிருந்தவர்களே படத்திலிருந்து மறைந்தவர்கள். அசையாமல் நின்றவர்களும் நிற்கவைக்கப்பட்டவர்களும் பதிந்தார்கள். இத்துறைமுகத்தில் முதுகொடிய வேலை செய்த தமிழர்களைப் பழைய படங்களில் தேடுகிறவர்கள் இதை அறிந்து தேட வேண்டும்.

தேதியிடப்படாத படங்களுக்குக் காலம் கணிக்க உள்ளூர்த் தடயங்கள் பல உண்டு. தெருப் பெயர்ப்பலகையில் பிட் ஸ்ட்ரீட் என்று இருந்தால் அது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் ஆவதற்கு முந்தைய படம். 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் இன்றைய குவிமாடத் தோற்றம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. கூரைகளுக்குப் பின்னால் கொம்தார் என்னும் உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடம் முழுமையாக நின்றால் 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு எடுத்தது. கடைப்பலகையிலுள்ள தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கங்கள், நிறுத்தியிருக்கும் காரின் பதிவெண் வரிசை எது, கோவில் கோபுரம் எந்தக் குடமுழுக்கின் வண்ணத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் ஓரிரு ஆண்டு வித்தியாசத்துக்குள் காலத்தை நெருங்கிவிடலாம்.

மாலையில் மழை விட்டதும் ஆர்மேனியன் தெருவுக்குப் போனோம். 2012 ஜார்ஜ்டவுன் விழாவுக்காக எர்னஸ்ட் ஸக்காரெவிக் வரைந்த சைக்கிள் குழந்தைகளின் சுவரோவியம் அங்கே இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் வரிசையில் நின்று ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து அதைப் படம் எடுக்கிறார்கள். நான் ஓவியத்தைவிட அதன் இரு பக்கங்களிலும் உள்ள வாசல்களையே பார்த்தேன். 2012 முதல் இன்றுவரை அச்சுவரின் முன் எடுக்கப்பட்ட படங்களின் ஓரங்களை யாராவது பொறுமையாகச் சேர்த்தால், அத்தெருவின் கடைகள் மாறிய கதை வரிசையாகக் கிடைத்துவிடும்.

வியாழன்

இன்று கேமராவைத் தொடவே இல்லை. ஆனாலும் மிக அதிகமாகக் கற்றுக்கொண்டது இன்றுதான்.

நாகூர் தர்காவிலிருந்து சிறிது தூரத்தில் ஒரு தேநீர்க் கடை. அங்கே தினமும் காலையில் வந்து உட்காரும் பெரியவர் ஒருவருக்கு எண்பது வயது இருக்கும். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து சிறு பிள்ளையாக வந்தவர், பணம் மாற்றும் தொழில் செய்து ஓய்ந்தவர். முதலில் அவர் எங்களிடம் பேசத் தயாராக இல்லை. “படம் எடுக்கறதுக்குன்னே வர்றாங்க தம்பி, எடுத்துட்டுப் போறாங்க. எங்க போச்சு, என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்ல” என்றார். அந்த வருத்தத்துக்கு எங்களிடம் பதில் இல்லை. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுச் சித்தப்பாவின் படங்களை மேசைமேல் பரப்பினேன்.

படத்தைக் காட்டிப் பேச வைப்பது ஆய்வாளர்கள் அறிந்த முறை. அமெரிக்க மானிடவியலார் ஜான் காலியர் 1957இல் இதைப் பற்றி எழுதினார். வெறும் கேள்விகளைவிடப் படங்களை முன்வைத்துக் கேட்கும்போது மக்கள் கூடுதலாகவும் துல்லியமாகவும் பேசுகிறார்கள் என்று அவர் கண்டார். அது எவ்வளவு உண்மை என்பதை இந்த மேசையில் பார்த்தேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு லெபோ கிங் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு வாசலாக விரலை வைத்தார்.

“இது வண்ணார் வீடு. இஸ்திரிப் பெட்டி இங்க இருக்கும், கரி வாசம் தெரு முழுக்க அடிக்கும். இதுக்கு மேல கப்பல்ல வேலை பார்த்த பிள்ளைங்க பன்னெண்டு பேர், ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட்டு மாத்தி மாத்திப் படுப்பாங்க. இந்தக் கதவு எப்பவும் சாத்தித்தான் இருக்கும், ஆனா உள்ள ஒரு சீனக் கிழவி இருந்தா. ரமலான் மாசத்துல எனக்குக் கஞ்சிப் பாத்திரம் கழுவிக் குடுப்பா.”

அந்தச் சாத்திய கதவைச் சித்தப்பாவின் படத்தில் பார்த்து, அது காலி வீடு என்று நான் குறித்து வைத்திருந்தேன். கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இருக்கும்வரைதான் படத்தின் முழுப் பொருளும் நம் கைக்கு எட்டும். ஒலிப்பதிவுக்கு அனுமதி கேட்டோம், தலையசைத்தார். மாலைக்குள் படங்களின் பெரிய நகல்களை அச்சடித்து, அவர் சொன்ன வாசல்களுக்கு எண்ணிட்டுத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் இரண்டு எண்களை மாற்றச் சொன்னார்.

பிற்பகலில் பூமாலைக் கடை நடத்தும் ஓர் அக்காவிடம் பேசினோம். பிறந்தது லெபோ குவினில். இப்போது குடியிருப்பது ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில். விடியற்காலையில் பேருந்து ஏறி வந்து கடை திறக்கிறார், இரவு ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டுப் போகிறார். அவரைப் போன்றவர்கள் இத்தெருக்களில் நிறைய. துணிக்கடை, நகைக்கடை, பலசரக்குக் கடை, பாட்டு அலறும் குறுந்தட்டுக் கடை என்று பகலில் இப்பகுதி உயிரோடு இருக்கிறது. நண்பகலில் படம் எடுத்தால் இங்கே எதுவும் குறையவில்லை என்றுதான் தோன்றும். “ராத்திரி வந்து பாருங்கண்ணே” என்றார் அவர். நாளைக்கான வேலை அந்தச் சொல்லில் கிடைத்துவிட்டது.

வெள்ளி

இரவு ஒன்பதரை மணிக்கு, கடைகள் அடைத்த பிறகு, முக்காலியில் கேமராவைப் பொருத்தி லெபோ குவினின் ஒரு வரிசையைத் தொடக்கம் முதல் முடிவு வரை எடுத்தோம். பிறகு லெபோ கிங். கண் வைத்தது மேல்மாடிச் சன்னல்களில் மட்டும்.

பல மாடிகள் இருட்டாக இருந்தன. விளக்கு எரிந்தவற்றிலும் ஒரே மாதிரியான மஞ்சள் விளக்கும் ஒரே மாதிரியான திரையும் வரிசையாகத் தெரிந்தால் அது தங்கும் விடுதி. வெள்ளைக் குழல்விளக்கு, சன்னல் கம்பியில் காயும் துண்டுகள், சுவரில் ஓடும் மின்விசிறியின் நிழல் என்று தெரிந்தவை சில. அவற்றில் ஒன்றிரண்டு குடும்பங்கள். மற்றவை தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வேலைக்கு வந்த தொழிலாளர்கள் சேர்ந்து தங்கும் அறைகள் என்று கீழே நின்றவர்கள் சொன்னார்கள். கப்பல் வேலைக்காரர்கள் முறை வைத்துப் படுத்த மாடிகளில் இன்று வேறொரு தலைமுறைக் கூலிக்காரர்கள் படுக்கிறார்கள். குடியிருப்பவர்கள் போய்விட்டார்கள் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிடாமல், யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சித்தப்பாவின் படங்களுள் ஓர் இரவுப் படம் இருக்கிறது. 1999 தீபாவளி இரவு. தெருவின் மேல்மாடிகள் அத்தனையிலும் வெளிச்சம். இரண்டையும் அருகருகே வைத்தால் காண்பவர் நெஞ்சு அடைத்துப்போகும். ஆனால் அந்த இணையை நான் வெளியிடப்போவதில்லை. தீபாவளி இரவில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், எல்லா விளக்கையும் ஏற்றுவார்கள். அதைச் சாதாரண வெள்ளிக்கிழமை இரவோடு ஒப்பிடுவது நேர்மையாகாது. மேலும் இவ்வீடுகள் நீளமானவை. நடுவே வானம் பார்த்த முற்றம், அதற்கும் பின்னால் அறைகள் என்று போகும். முன்சன்னல் இருட்டாக இருந்தாலும் பின்னறையில் ஆள் இருக்கலாம். இருட்டுச் சன்னலோடு மீட்டர், செருப்பு, துணிக்கொடி, அண்டை வீட்டார் சொல் எல்லாம் ஒத்துவந்தால்தான் ஆள் இல்லாத மாடி என்று எழுதுவது என வைத்துக்கொண்டோம்.

அறைக்குத் திரும்பும் வழியில் மருமகன் ஒரு கேள்வி கேட்டான்: இதையெல்லாம் கணினியே செய்துவிடாதா? ஓரளவு செய்கிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து அமெரிக்க நகரங்களில் கூகுள் தெருக்காட்சிப் படங்களை 2007, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் எடுத்து, ஏறக்குறைய 16 லட்சம் இணைகளைக் கணினி ஒப்பிட்டது. கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் அடர்த்தியாக வாழ்ந்த பகுதிகளும் தொடக்கத்திலேயே நல்ல தோற்றத்துடன் இருந்த பகுதிகளும் கூடுதலாக மேம்பட்டன என்று அதில் தெரியவந்தது. அத்தனை தெருக்களை ஒரு மனிதர் நடந்து முடிக்க முடியாது. அந்த வகையில் அது பெரிய வேலை. ஆனால் அக்கணினி அளந்தது தெருவின் தோற்றத்தை. எங்கள் வெளிர்நீல முகப்பை அதனிடம் கொடுத்தால் முன்னேற்றம் என்றே மதிப்பெண் போடும்.

எனக்கு வழிகாட்டி வேறொருவர். சிலி நாட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய புகைப்படக் கலைஞர் கமிலோ ஹோசே வெர்காரா, 1970களிலிருந்து நியூயார்க், கேம்டன், டெட்ராய்ட் நகரங்களின் ஏழைப் பகுதிகளுக்குத் திரும்பத் திரும்பப் போய் ஒரே கட்டடங்களை எடுத்தார். ஹார்லெமில் கிழக்கு 125ஆம் தெருவின் 65ஆம் எண் கடையை 1977 முதல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து எடுத்திருக்கிறார். முதலில் இரவு விடுதியாக இருந்தது பிறகு ஒவ்வொரு கடையாக மாறிக்கொண்டே போகிறது. முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மட்டும் பார்க்கிறவருக்கு ஒரே தாவலாகத் தெரிவது, முழு வரிசையையும் பார்க்கும்போது பல சிறு படிகளாகப் பிரிகிறது. எந்த ஆண்டில் முடிவு எடுக்கப்பட்டது, எந்த ஆண்டில் யார் தாக்குப்பிடிக்க முடியாமல் போனார் என்று கேட்க இடம் கிடைக்கிறது. எங்களிடம் 1999உம் இன்றும் மட்டுமே இருக்கின்றன. இடையிலுள்ள ஆண்டுகளை எங்கிருந்தாவது தேடிப் பிடிக்க வேண்டும்.

சனி

தேடியது கிடைத்தது, மிகவும் பக்கத்திலேயே.

தைப்பூசத்துக்கு முதல்நாள் லெபோ பினாங்கிலுள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, முருகன் கோவில் உள்ள தண்ணீர்மலைக்குப் போகிறது. அந்த ரதம் 1894 முதல் ஓடுகிறது. 2017 முதல் லெபோ குவின் மகாமாரியம்மன் கோவிலிலிருந்து தங்க ரதமும் புறப்படுகிறது. ஆண்டுதோறும் இதே தெருக்கள், இதே திருப்பங்கள். தேங்காய் உடைக்கக் காத்திருக்கும் மக்கள் இதே முனைகளில் நின்று படம் எடுக்கிறார்கள். முருகனை எடுத்தவர்கள் தங்களை அறியாமல் தெருவையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். படத்துக்கு நாள்கூட எழுத வேண்டியதில்லை. எந்த ஆண்டுத் தைப்பூசம் என்று தெரிந்தால் போதும். கோவில் பக்கத்துக் கடை ஒன்றின் சுவரில் மாட்டியிருந்த ரத ஊர்வலப் படங்களையே அரை நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றில் ரதத்துக்குப் பின்னால் சன்னல் செங்கல் வைத்து அடைக்கப்பட்டு, அதில் வரிசையாகச் சிறு துளைகள் மட்டும் விடப்பட்ட ஒரு மேல்மாடி தெரிந்தது. மனிதர்கள் காலி செய்த வீட்டில் உழவாரக் குருவி வளர்த்து, உணவாக விலைபோகும் அதன் கூட்டை எடுத்த காலம் அது. 2013 முடிவுக்குள் மரபுரிமைப் பகுதியிலிருந்து அவற்றை அகற்ற வேண்டும் என்று மாநில அரசு கெடு வைத்தது. அதே மாடியை இன்று போய்ப் பார்த்தோம். துளைகள் மூடப்பட்டு மறுபடியும் மரச் சன்னல் வந்திருக்கிறது. சித்தப்பாவின் படத்தில் குடும்பம், ரதப் படத்தில் குருவி, இன்று விடுதி. இரண்டு படங்களை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தபோது நடுவிலிருந்த இந்தப் படி தெரியாமலேயே போயிருந்தது.

அடுத்த சுரங்கம் கல்யாண ஆல்பங்கள். பூமாலைக் கடை அக்கா தம் தங்கையின் ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினார். மாப்பிள்ளை அழைப்பு தெருவழியே வருகிறது. நாதஸ்வரக்காரரின் தோளுக்குப் பின்னால் ஒரு முடிதிருத்தும் கடையின் பலகை, அதற்கு அப்பால் மளிகை மூட்டைகள், மேல்மாடியில் எட்டிப் பார்க்கும் நான்கு பெண்கள். கல்யாணப் படம் எடுத்தவருக்கு அவையெல்லாம் பின்னணி. எங்களுக்கோ அந்தப் பலகை கடை எண்ணோடு தேதி தெரிந்த சான்று. அரசு ஆவணங்களிலும் வெள்ளைக்காரர்களின் அஞ்சலட்டைகளிலும் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது: தெருவுக்குள் வாழ்ந்தவர்கள் தங்கள் வாசலிலிருந்து பார்த்த தெரு. தமிழர் வாழ்ந்த பகுதிகளின் வரலாற்றுக்கு இதைவிடப் பெரிய சேமிப்பு வேறு இல்லை என்றே நம்புகிறேன், அது அலமாரிகளில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஞாயிறு

படகில் மறுகரைக்கு வந்து செபராங் ஜெயாவில் சித்தப்பா வீட்டுக்குப் போனோம். 2000ஆம் ஆண்டில் அவர் குடிவந்த அடுக்குமாடி வீடு. புதிய படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினோம். அவர் மௌனமாகப் பார்த்து, நடுவில் இரண்டு இடங்களில் நிறுத்தச் சொன்னார். ஒன்று, கீழே தையல் கடை வைத்திருந்தவர் எந்த ஊருக்குப் போனார் என்று சொல்ல. இன்னொன்று, படத்தில் தெரியும் மாடிப்படியின் கைப்பிடியைக் காட்ட. அது மாற்றப்படாமல் இருப்பதில் அவருக்கு மகிழ்ச்சி. சித்தி மட்டும், “ஒத்தை மீட்டரா?” என்று கேட்டுவிட்டு அந்தப் படத்தை மறுபடியும் காட்டச் சொன்னார். அந்த மீட்டர்களுக்கு முன்னால் மாதாமாதம் மின்கட்டணத்தைப் பங்கு போடும் கணக்கு நடக்குமாம். எல்லா வீட்டுப் பெண்களும் படிக்கட்டில் உட்கார்ந்து போடும் கணக்கு.

பிற்பகல் பதிவேடு எழுதுவதில் போனது. ஒவ்வொரு படத்துக்கும் தெரு, கதவு எண், நின்ற இடம், பார்த்த திசை, லென்ஸ், நாள், மணி, தரைத்தளப் பயன்பாடு, மேல்மாடிப் பயன்பாடு, அதைச் சொன்னவர் யார், படத்தை வெளியில் காட்ட அவர் ஒப்புக்கொண்டாரா என்ற விவரங்களைக் குறித்தோம். சொன்னவரின் பெயரை வெளியிடுவதில்லை. சித்தப்பாவின் நெகட்டிவ்கள் பிளாஸ்டிக் உறைகளில் ஒட்டத் தொடங்கியிருந்ததால் அமிலமற்ற காகித உறைகளுக்கு மாற்றினோம். அச்சுகளின் பின்பக்கத்தில் நீல மையில் அவர் எழுதியிருந்த கதவு எண்களையும் தனியாக நகலெடுத்தோம். முன்பக்கத்தைவிட அதுதான் எங்களுக்குப் பலமுறை வழி காட்டியது.

மருமகன் இங்கேயே படிப்பதால், ஜூனிலும் டிசம்பரிலும் அதே புள்ளிகளிலிருந்து பகலில் ஒன்று, இரவில் ஒன்று என எடுத்துத் தொடர ஒப்புக்கொண்டிருக்கிறான். இரவுப் படங்களைப் பண்டிகை நாள்களிலும் நீண்ட விடுமுறைகளிலும் எடுப்பதில்லை. தேநீர்க் கடைப் பெரியவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நகல் போகும்.

லெபோ குவின், லெபோ கிங், லெபோ பாசார், லெபோ பினாங்கு ஆகிய தெருக்களில் 2000க்கும் 2015க்கும் இடையே நடந்த கல்யாணம், சடங்கு, ரத ஊர்வலம் எதிலாவது எடுத்த படங்கள் உங்கள் வீட்டில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். ஆல்பத்திலிருந்து பிய்த்து எடுக்க வேண்டாம். பழைய பசை படத்தோடு சேர்ந்து கிழிந்துவிடும். ஆல்பத்தோடு வைத்தே, சன்னல் வெளிச்சத்தில், மேலிருந்து நேராக எடுத்து அனுப்பினால் போதும். ஓரங்களை வெட்டிவிடாதீர்கள், பின்னால் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.